கந்தவேல் வைத்த நடுப்புள்ளி

மேப் திருத்துகிறவர் என்று ஒரு ரகம் உண்டு. நாமெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து கம்பத்தில் முட்டிக்கொள்வோம். இவர் அந்தக் கம்பத்தை மேப்பில் ஏற்றிவிட்டுத்தான் நெற்றியைத் தடவுவார். யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு பொது மேப் இருக்கிறதே, அதுதான் இவருக்குச் சொந்த ஊர். திருப்பூர் சும்மா பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் ஏரியாவில் அந்தப் பதவி கந்தவேலுக்கு. தொழில் பனியன் கம்பெனி. அதுவும் ஒழிந்த நேரத்தில்தான். காலையில் நடக்கக் கிளம்பினால் பழைய நம்பர், புது நம்பர், நம்பரே இல்லாமல் "மாரியம்மன் துணை" என்று மட்டும் எழுதிய கதவு, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே இருக்கும் மூக்கம்மாளின் டீக்கடையில் வந்து நிற்பார்.

"ஏனுங்க, உங்க கடைக்குக் கதவு எண் எத்தனைங்க?"

"அது எதுக்கு மொதலாளி? மூக்கம்மா கடைன்னா யாரும் கொண்டாந்து விட்ருவாகளே."

"அதெல்லாம் அட்ரஸ் ஆகாதுங்க."

இப்படிப்பட்டவர் தன் கம்பெனியை எப்படிக் குறித்திருப்பார்? அங்குலம் பிசகாமல், கட்டடத்தின் நட்டநடுவில் ஒரு புள்ளி. வழி கேட்டால் மேப் என்ன செய்யும்? புள்ளிக்குக் கிட்டத்தில் எந்த வீதியோ அங்கே கொண்டுபோய் விடும். அதற்குக் கேட்டையும் தெரியாது, வாட்ச்மேனையும் தெரியாது. கேட் இருப்பது மூன்றாவது வீதியில். கிட்டத்தில் இருப்பது நான்காவது வீதி. அங்கே இருப்பது எட்டடிச் சுவர். புள்ளியை கேட் இருக்கும் பக்கம் நகர்த்துங்களேன் என்றேன் ஒரு நாள். "முறைன்னு ஒண்ணு இருக்குதுங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

போன வாரம் சித்ராதேவி வந்தார். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் இன்ஸ்பெக்டர், ஊருக்குப் புதுசு. ஒரு மணிக்குள் சரக்கைப் பார்க்க ஆரம்பித்தால்தான் சாயங்காலம் கன்டெய்னர் கிளம்பும். இல்லாவிட்டால் ஆர்டர் கேன்சல், நாற்பது டெய்லர்களுக்கு அடுத்த மாதம் வேலை இல்லை. பன்னிரண்டரைக்குக் கந்தவேலுக்குப் போன் வந்தது.

"சார், மேப் சொன்ன இடத்துலதான் நிக்கிறேன். இங்க சுவர்தான் இருக்கு."

"அப்படியே இருங்க மேடம்."

நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஓடுவோம். கந்தவேல் லேப்டாப்பைத் திறந்தார். கேட்டை வரைந்தார், அதற்கு "மெயின் என்ட்ரன்ஸ்" என்று பேர் வைத்தார், கேட்டிலிருந்து வீதிக்குப் பன்னிரண்டடியில் ஒரு பாதை போட்டார், பக்கத்துக் கட்டடத்தின் மூலை கோணலாகத் தெரியவே அதையும் நேராக்கி, எல்லாம் ஏற்றிவிட்டுப் போனை எடுத்தார்.

"சரி பண்ணிட்டனுங்க மேடம். ரெண்டு நாள்ல மேப்பே உங்களை கேட்டுக்குக் கூட்டிட்டு வந்துருமுங்க."

மணி பன்னிரண்டு ஐம்பது. சித்ராதேவி வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் தன் கடையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மூக்கம்மாள், டீ வடிகட்டியும் கையுமாக வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"பனியன் கம்பெனிக்கா தாயி? எம் பின்னாடியே வாங்க."

சந்து வழியாகக் கூட்டிவந்து கேட்டில் விட்டார். கந்தவேல் வாசலுக்கு வந்து கேட்ட முதல் கேள்வி:

"ஏனுங்க மேடம், அந்தச் சந்துல கார் நுழைஞ்சுதுங்களா? நான் நடைபாதைன்னு போட்டிருக்கேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மூக்கம்மாளின் கடையை முதலில் தொட்டிக்கு எதிரே என்றும், பிறகு தொட்டிக்குப் பின்னால் என்றும் எழுதியிருக்கிறேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, மேலே போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தீர்களா? அந்த நாற்பது பேர் என்ன ஆனார்கள் என்று கேட்க வாய் வரவில்லையே? சரக்கு பாஸ், கன்டெய்னர் கிளம்பிவிட்டது, நாற்பது பேரும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

கடை எதிரேதான். அதைச் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது.