பள்ளத்தில் ஓர் உருளை

"ஒரு கட்டைல 'வி' மாதிரி பள்ளம் வெட்டியிருக்கு. அதுல ஓர் உருளை கிடக்கு. உருளையோட உச்சி கட்டைக்கு மேல எவ்வளவு உயரம்? மிஸ் கேட்டிருக்காங்கப்பா."

மகள் வந்து நின்றபோது பஸ் டிரைவர் ஒற்றைக்காலில் நின்று ஜன்னல் கொக்கியை முடுக்கிக்கொண்டிருந்தார். மற்ற காலில் மாவுக்கட்டு.

காலை உயர்த்தி வைத்து அசையாமல் கிடந்தால்தான் வீக்கம் வடியும், இல்லையென்றால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியாயிற்று. கால் வைக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்பாஞ்சுக் கட்டையோ கட்டிலுக்கடியில் தூசி தின்றுகொண்டிருந்தது. மனுஷன் ஓரிடத்தில் இருந்தால்தானே.

மலை வளைவில் லாரிக்கும் பாறைக்கும் நடுவே பஸ்ஸை நுழைத்தவருக்கு இந்தக் கணக்கு எம்மாத்திரம்? முதலில் வரைந்தார். உருளை கத்தரிக்காயாக வந்தது. துணி சோப்பில் பள்ளம் வெட்டி டார்ச் பேட்டரியை வைத்தார். சோப்பு இரண்டாகப் பிளந்தது. நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போய், முழு ரொட்டியைக் குடைந்து எண்ணெய்ப் பாட்டிலைப் படுக்க வைத்தார். ரொட்டி அமுங்கியது, பாட்டில் உருண்டது, எண்ணெய் ஓடியது. வழுக்கியவர் திரைச்சீலையைப் பிடிக்க, அது கம்பியோடு தலையில் இறங்கியது.

மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "பஸ்ஸை வெச்சுக்கூட இவ்வளவு சேதம் பண்ணினதில்லையேங்க நீங்க."

மகள் கட்டிலுக்கடியிலிருந்து ஸ்பாஞ்சுக் கட்டையை இழுத்து வந்தாள். "பள்ளம் இதுல ரெடியா இருக்குப்பா. உருளைதான் வேணும்." அவள் பார்வை மாவுக்கட்டில் போய் நின்றது.

காலைப் பள்ளத்தில் வைத்தார். மகள் ஸ்கேலை நிறுத்தினாள்.

"ஆடாதீங்கப்பா. ஸ்பாஞ்சு அமுங்க அமுங்க அளவு மாறுது. காலைலயும் சாயங்காலமும் அளந்துதான் சராசரி எடுக்கணும்."

அதன்பின் அவர் சிலையானார். மூக்கில் ஈ உட்கார்ந்தபோதும் கால் அசையவில்லை. கட்டிலோரம் யார் வந்தாலும், மெதுவா நடங்க, பிள்ளை படிப்பு கெட்டுடும் என்று அதட்டினார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கால்விரல்களை அழுத்திப் பார்த்து, வீக்கம் நன்றாக வடிந்துவிட்டது, இனி பயமில்லை, கட்டைப் பிரித்ததும் பஸ் ஓட்டலாம் என்றார். டிரைவருக்கு அது இரண்டாம்பட்சம். தன் விடைக்கு மிஸ் எத்தனை மார்க் போட்டார் என்று மகளைக் கேட்டார். அவள் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தாள்.

அப்போது நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பாப்பா, நீ உண்டாக்கின அந்தக் கணக்கை அடுத்த கட்டில்காரருக்கும் கொஞ்சம் சொல்லிட்டுப் போம்மா. அவரும் காலைத் தூக்கி வெக்க மாட்டேங்கிறார்."