மாமா வீட்டில் ஒரு நகல்

கைபேசி வாளித் தண்ணீருக்குள் விழுந்தபோது மனைவிதான் அலறினாள். மாப்பிள்ளை அலறவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தரை துடைத்த அழுக்குத் தண்ணீருக்குள் கையை விட்டு, நிதானமாக அதை எடுத்து ஒரு உதறு உதறினார். திரை கறுத்துப் போயிருந்தது.

"போச்சா?" என்றாள் மனைவி.

"போகட்டும். கவலையே வேண்டாம், நகல் இருக்கு."

இந்த வசனத்தைச் சொல்வதற்காகவே மனிதர் வருஷக்கணக்கில் காத்திருந்தார். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் கணினிப் பிரிவில் அவருக்கு வேலை. அன்றன்றைய கோப்புகளை நகலெடுத்து வேறொரு கட்டடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் பேக்கப். மாமனார் வீட்டில் மாப்பிள்ளை. கதை நடப்பது அந்தப் பக்கம் என்பதால் நாமும் மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வருகிறவனைக்கூட எழுப்பி, வீடு தீப்பிடித்தால் உன் போட்டோவெல்லாம் என்ன ஆகும் என்று கேட்கிற ரகம்.

"போட்டோ எல்லாம்? வீட்டுப் பத்திரம் ஸ்கேன் பண்ணி வெச்சது?"

"எல்லாம் இருக்கு."

"எங்க?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒளித்து வைத்த நகலுக்கு முதல் விதியே அதுதான். ஆனால் பெண்டாட்டி இப்படி ஆச்சரியமாகப் பார்ப்பது எப்போதாவதுதானே நடக்கிறது. வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க அப்பா வீட்ல. பின் ரூம் அலமாரி மேல, சூட்கேஸுக்குப் பின்னாடி கறுப்பா ஒரு பெட்டி இருக்கு. இன்டர்நெட் வேகமா வரும்னு சொல்லி நான்தான் வெச்சேன். என் போன்ல இருக்கிறது எல்லாம் தானா அங்க போயிடும். அது நகல் பெட்டின்னு அங்க யாருக்கும் தெரியாது."

"எங்க அப்பாவுக்குக்கூடவா?"

"அதுலதான் சாமர்த்தியமே இருக்கு."

அவள் அதற்குள் தன் போனில் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் இரண்டு முறை கனைக்கும் சத்தம் கேட்டது.

"விஷயம் என்னன்னா, அலமாரி மேல பாரம் வெக்கக்கூடாது, கதவு இறங்கிடும். நான் அதை எடுத்து டிவில மாட்டி வெக்கறேன். ரெண்டு பேரும் கிளம்பி வாங்க. எல்லாரும் உக்காந்து போட்டோ பாக்கலாம்."

எல்லாம் என்றால் எல்லாமேதான் என்பது அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது.

அவருடைய போனில் 'மாமா' என்று ஒரு கோப்புறை உண்டு. ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, "பேக்கப், மாமா மாதிரி பேசுப்பா" என்பார்கள். இவரும் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். நன்றாக வந்ததையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தார்.

கேலி செய்ய மாமாவிடம் சரக்கு இருந்தது உண்மைதான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் வெளியே வர மாட்டார். ஒரு ஸ்க்ரூவை எப்படித் திருப்புவது என்று அரைமணி நேரம் விளக்குவார். புது வீட்டுக்கு வந்தபோது சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கித் தந்தார். மாதம் தவறாமல் வந்து அதைக் கழற்றி, "தூசி பறக்கும், யாரும் வராதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு பழுது பார்ப்பார். ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் அது முன்னைவிட மெதுவாக ஓடும். ஆபீஸில் அதிகமாகச் சிரிப்பு வாங்கிய பதிவு அந்தக் கடிகாரப் பதிவுதான்.

ஆனால் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று மொத்தக் குடும்பமும் முறுக்கிக்கொண்டு நின்றபோது, "பையன் நல்லவன், நான் பாத்துட்டேன்" என்று ஒற்றை ஆளாக நின்றவரும் அதே மாமாதான். நகலைப் பற்றிய உபதேசத்தை இந்த உலகத்தில் கொட்டாவி விடாமல் கேட்டவரும் அவர் ஒருவரே. "ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னா எங்க வெக்கணும் மாப்பிள்ளை?" என்று சந்தேகம்கூடக் கேட்டார். "நம்ம வீட்ல வெக்கவே கூடாது மாமா. வேற வீட்ல, அவங்க தொடவே தொடாத பொருளா பாத்து வெக்கணும்" என்றார் இவர். மாமா வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தலையாட்டல் இப்போது கண்முன் வந்து மாப்பிள்ளையின் மானத்தை வாங்கியது.

மனைவி புடவை மாற்றப் போனதும், மேஜை இழுப்பறையிலிருந்த உபரிப் போனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டார். பேக்கப்பிடம் உபரிப் போன் இல்லாமலா இருக்கும்.

"அத்தை, அந்தக் கறுப்புப் பெட்டியோட வயரைப் பிடுங்கிடுங்க. மாமாகிட்ட சொல்ல வேண்டாம்."

"ஏன் மாப்பிள்ளை, ஷாக் அடிக்குமா?"

வேறு காரணம் தோன்றவில்லை. "ஆமா அத்தை" என்று சொல்லித் தொலைத்தார்.

ஷாக் அடிக்கும் பெட்டியைப் பெண்டாட்டி புருஷனிடம் சொல்லாமல் இருப்பாளா. கொஞ்ச நேரத்தில் மாமாவே கூப்பிட்டார்.

"அத்தை பயந்துட்டா மாப்பிள்ளை. விஷயம் என்னன்னா, நான் கழட்டிப் பாத்துட்டேன், கரண்ட் கசிவு ஒண்ணும் இல்ல. தூசி தட்டி டிவில மாட்டியாச்சு. பாஸ்வேர்ட் கேட்டுது."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அது எனக்கு மட்டும்தான் தெரியும் மாமா."

"பெட்டிக்கு அடியிலயே ஒட்டி வெச்சிருக்கீங்களே. போட்டுட்டேன். நீங்க வந்ததும் பாக்கலாம்னு காத்துக்கிட்டு இருக்கோம்."

அவசரத்தில் மறந்துவிடக் கூடாது என்று அவரே எழுதி, அவரே ஒட்டியது. ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவர் செய்கிற காரியமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை உபரிப் போன் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து 'மாமா'வை அழித்தார். மூச்சு வந்தது. அடுத்த நிமிஷம் பெட்டியிடமிருந்து ஒரு செய்தியும் வந்தது: யாரோ அழித்ததை மீட்டு, முதல் வரிசையில் வைத்திருக்கிறேன்.

திருடனோ தெரியாதவனோ கை வைத்தால் எதுவும் போய்விடக் கூடாது என்று அப்படி ஏற்பாடு செய்தவரும் அவரேதான். மறுபடி அழித்தார். பெட்டி மறுபடி மீட்டது, பத்திரத்துக்கு இன்னொரு நகலும் போட்டது. வியர்க்க வியர்க்க இன்னொரு தடவை அழுத்தினார். இப்போது முதல் வரிசையில் மூன்று மாமாக்கள் இருந்தார்கள்.

"யாருக்குங்க இப்படி விழுந்து விழுந்து மெசேஜ் அனுப்பறீங்க?"

"ஆபீஸ்ல ஒரு சின்ன அவசரம்" என்றார். காலையிலிருந்து எத்தனையாவது பொய் என்று அவருக்கே தெரியவில்லை.

மாமா வீட்டில் நாற்காலிகளை டிவியைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார்கள். மாமியார் ஓரமாக உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். திரையில் எல்லாவற்றுக்கும் மேலே மாமா, மாமா, மாமா.

"ரிமோட்டைக் குடுங்க மாமா, நான் போடறேன்."

மாமா ரிமோட்டைத் தரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "என் பேர்ல மூணு வெச்சிருக்கார் பாரு" என்று மாமியாரிடம் சொன்னபோது குரல் கம்மியது.

"அது வேற மாமா, மாமா. எங்க அம்மாவோட தம்பி."

"உங்க அம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாதுன்னு சொன்னீங்களே" என்றாள் மனைவி.

மாமா பொத்தானை அழுத்திவிட்டார்.

டிவியில் யாரோ இரண்டு முறை கனைத்தார்கள். "விஷயம் என்னன்னா மாப்பிள்ளை, ஸ்க்ரூவை வலது பக்கம் திருப்பினா இறுகும். இடது பக்கம் திருப்பினா என்ன ஆகும்? அவசரமில்ல, யோசிச்சு சொல்லுங்க." பின்னால் ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து கடிகாரம் வந்தது. "கடிகாரம் மெதுவா ஓடலை மாப்பிள்ளை. நேரம்தான் அவசரப்படுது." மறுபடி சிரிப்பு.

மனைவியும் பக்கென்று சிரித்துவிட்டு, அப்பா முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சிரிக்கவில்லை. பதிவு முடியும்வரை அசையாமல் கேட்டார். முடிந்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு முறை கனைத்தார். டிவியில் கேட்டதும் இதுவும் ஒன்றுபோல் இருந்ததுதான் மாப்பிள்ளையை மேலும் கூசவைத்தது. யாரால் இந்த வீட்டுக்குள் வந்தோமோ அவரைப் பார்த்து ஊர் சிரிக்க வைத்துவிட்டு, அதை அவர் வீட்டு அலமாரி மேலேயே ஏற்றியும் வைத்தாயிற்று. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. நான் பண்ணது ரொம்பத் தப்பு. உங்க மூஞ்சியைப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

மாமா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது வெளியே போகிற சட்டை போட்டிருந்தார். பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

"உங்க வீட்டுச் சாவியைக் குடுங்க மாப்பிள்ளை" என்றார், முகத்தைப் பார்க்காமல். "அந்தக் கடிகாரத்தைக் கழட்டி எடுத்துட்டு வந்துடறேன்."

மாப்பிள்ளை சாவியைப் பைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கொடுத்த பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மாமாவுக்கு மனம் விட்டுப்போயிருக்கிறது. "அது மட்டும் வேண்டாம் மாமா. என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க. கடிகாரம் அங்கயே இருக்கட்டும்."

"இல்ல, இல்ல. எடுத்துடறதுதான் நல்லது."

"அப்படின்னா நீங்க ஏன் அலையணும்? நானே போய்க் கழட்டிக் கொண்டுவந்து உங்க கையில குடுத்துடறேன்."

"நீங்க அதைத் தொடாதீங்க" என்றார் மாமா. குரல் ஒரேயடியாக உயர்ந்துவிட்டது. ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் மாமியாரின் செருப்புமாக வாசலில் நின்றார். காதெல்லாம் சிவந்திருந்தது. இவ்வளவு கோபத்தில் மாமாவைப் பார்த்ததே இல்லையே என்று மாப்பிள்ளை அழாத குறையாகச் சாவியை நீட்டினார்.

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"போயிட்டு வரட்டும் விடுங்க மாப்பிள்ளை. 'கவலையே வேண்டாம், நகல் இருக்கு'ன்னு அவர் உங்களை மாதிரியே பேசிப் பதிவு பண்ணி வெச்சது பூரா அந்தக் கடிகாரத்துக்குள்ளதான் இருக்கு."