எண்ணெய் ஊறட்டும்

தீபாவளிக்கு முதல் நாள் அவசரப்படாத மனிதர் என்று இந்த உலகத்தில் இதுவரை ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் புதுக்கோட்டையிலிருந்து மணமேல்குடிக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே நினைவிருந்ததோ என்னவோ, அந்தத் தடத்தில் எல்லோருக்கும் அவர் சீயக்காய் டிரைவர்.

மற்ற நாட்களில் அவர் வண்டி வருகிறதென்றால் ஆடுகள் தாமாகவே வயலில் இறங்கிவிடும். அறந்தாங்கியில் ஏறியவர் வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் ஊர் வந்துவிடும் என்பார்கள். அப்படிப்பட்டவர் வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஊரே பறக்கிற நாளாகப் பார்த்து, வண்டியை நிறுத்திவிடுவார். இது தெரியாமல்தான் நான் தலை தீபாவளிக்கு, மணமேல்குடிக்குச் சற்று முன்னால் இருக்கும் மாமனார் ஊருக்குப் போக, மனைவியோடு அந்த பஸ்ஸில் ஏறினேன்.

ஐம்பதுகளின் நடுவில் அது. எனக்குப் புதுக்கோட்டையில் குமாஸ்தா உத்தியோகம். காலையில் ஆபீஸ், அங்கிருந்து கடைவீதி, அங்கிருந்து பஸ் ஸ்டாண்ட் என்று ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தபோது உடம்பில் உயிர் மட்டும்தான் மிச்சம். இன்றைக்கும் பண்டிகை என்றால் எனக்கு முதலில் வருவது அசதிதான். வண்டி கிளம்பியதும் மனைவி கேட்டாள்: "அப்பாவுக்கு எடுத்த வேட்டி எங்கங்க?"

வேட்டி வீட்டில் கட்டில்மேல் இருந்தது. எடுத்து வைத்திருக்க வேண்டியது நீயா நானா என்று ஆரம்பித்த பேச்சு, ஊர் எல்லை தாண்டுவதற்குள் இரண்டு குடும்பத்து முன்னோர்கள் வரை போய்விட்டது.

"எங்க ஊருல என்னைய எறக்கி விட்டுட்டு, நீங்க இதே வண்டில திரும்பிப் போயிருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தலை தீபாவளிக்குப் பெண் மட்டும் தனியாகப் போய் இறங்கினால் ஊர் என்ன பேசும்? ஆனால் சமாதானம் பேசக்கூடத் தெம்பில்லை.

அறந்தாங்கி தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கினார். சட்டையைக் கழற்றினார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, நல்லெண்ணெயை உச்சந்தலையில் கவிழ்த்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"என்னய்யா கூத்து இது?" என்று கத்தினார், மூட்டையோடு வந்திருந்த ஜவுளி வியாபாரி.

கண்டக்டர்தான் பதில் சொன்னார். "நாளைக்கு விடியக்கருக்கல்ல மணமேல்குடியில மொத வண்டிய இவருதாங்க எடுக்கணும். ஊரே எண்ணெ தேச்சுக் குளிக்கிற நேரத்துல இவரு ஸ்டீரிங்கப் புடிச்சிருப்பாரு. அதான் வருசா வருசம் தீவாளிய இங்கிட்டே முடிச்சுக்கிறாரு."

"சரி, சட்டுன்னு முழுகிட்டு வரச் சொல்லுங்க!"

"எண்ணெ ஊறணும்ல?" என்றார் டிரைவர். "ஊறாம முழுகுனா சளி புடிச்சுக்கிரும்."

ஜவுளிக்காரர் ஆத்திரத்தில் ஹாரனைப் பிடித்து அமுக்கு அமுக்கென்று அமுக்கினார்.

"அடிங்க, நல்லா அடிங்க. மேளம் இல்லியேன்னு இப்பத்தான் நெனச்சேன்" என்றார் டிரைவர், தொடையில் எண்ணெயைத் தட்டியபடி.

கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினார்கள். ஜவுளிக்காரர் மூட்டையைத் தலைக்கு வைத்து மரத்தடியில் குறட்டை விட்டார். நான் தண்ணீரில் காலை நனைத்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தேன் என்று தோன்றியது. மனைவி பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வழியாகச் சீயக்காய் தேய்த்து முழுகிக் கரையேறினார் டிரைவர். காகிதத்தில் சுற்றியிருந்த புதுச்சட்டையை எடுத்தார். போட்டுக்கொள்ளாமல் நின்றார். பிறகு என் மனைவியிடம் போனார்.

"ஆத்தா, புதுத்துணிய மஞ்சத் தடவி யாராச்சும் கையில எடுத்துக் குடுக்கணும். வீட்டுல எனக்கு ஆளில்ல. போன வருசம் கண்டக்டர் குடுத்தான். டிக்கெட் குடுக்குற மாதிரியே இருந்துச்சு."

அவள் சிரித்துவிட்டாள். அவர் நீட்டிய மஞ்சளைக் கல்லில் உரசி, காலரில் தடவி, சட்டையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். அந்த முரட்டு மனிதர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்.

அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேட்டி கெடக்கட்டுங்க. பொங்கலுக்குக் குடுத்துக்கலாம்" என்றாள். ஊர் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. சேர்ந்துதான் இறங்கினோம்.

மறுநாள் விடியற்காலையில் மாமியார் என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது ரோட்டில் பஸ் சத்தம் கேட்டது. மனைவி ஒரு பொட்டலம் அதிரசத்தை என் கையில் திணித்து, "ஓடுங்க, ஓடுங்க!" என்றாள். மாப்பிள்ளை மிடுக்கெல்லாம் காற்றில் போக, இடுப்பில் துண்டும் தலையில் வழியும் எண்ணெயுமாக ஓடிப்போய் வழிமறித்தேன். பஸ் நின்றது.

"தீவாளிக்கு என்னைய யாரும் இப்புடி மறிச்சதில்ல மாப்ளே" என்றார் அவர். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்றுமில்லாத நிதானமாக வண்டியை எடுத்தார்.

அன்று மாமனார் வீட்டுக்கு எத்தனையோ உறவுக்காரர்கள் வந்து போனார்கள். சாயங்காலம் அவர் வண்டி எப்போது திரும்பும் என்றுதான் நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.