புல எண் 214/3-இல் மாவீரன் கார்வோல்

கற்பனை உலகங்களின் வரலாற்றை என்றைக்காவது யாராவது முறையாக எழுதினால், அது கிரேக்கத்திலோ ஜப்பானிலோ தொடங்காது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடை வாய்க்காலில்தான் தொடங்கும். மூன்று கோடி பேர் விளையாடும் வெளிநாட்டு வீடியோ கேமின் நாயகன், ஏழு டிராகன்களை வெட்டியவன், இருள்நாட்டு மாவீரன் கார்வோல், ஒரு ஜனவரி மாதத்தில் அங்கேதான் வந்து இறங்கினான். இறக்கியவர் பரணிதரன். அதில் அவருக்கு அடக்கம் ஏதும் கிடையாது. தேவையும் இல்லை.

பரணிதரன் தஞ்சாவூரில் இருக்கும் 'டெல்டா டிஜிட்டல் பாசன மேன்மை மைய'த்தின் மென்பொருள் வடிவமைப்பாளர். ஆயிரம் வருஷமாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் விவசாயிகளுக்குத் தண்ணீர் என்றால் என்ன என்று கற்பிப்பது மையத்தின் உன்னத நோக்கம். அதற்காக அவர் 'வாய்க்கால் வேந்தன்' என்ற செல்போன் விளையாட்டை உருவாக்கினார். அதில் விரலால் தொட்டால் ஷட்டர் திறக்கும், வயலில் தண்ணீர் பாயும், பச்சைப் பயிர் தலையாட்டும்.

மையத்தின் இயக்குநர் ஹரிஹரசுப்ரமணியன் தொலைநோக்கு உடையவர். கிட்டத்தில் இருப்பதுதான் சற்று மங்கலாகத் தெரியும்.

"விளையாட்டுக்கு ஒரு பட்டியல், நெஜ முறைத் தண்ணிக்கு ஒரு பட்டியல்னு ரெண்டு எதுக்கு? ஒண்ணாக்கிடுங்கோ" என்றார்.

ஒன்றாக்கினார்கள். அன்றிலிருந்து யார் வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்ற முறைப் பட்டியல் விளையாட்டுக்குள் குடியேறியது. வாய்க்கால் ஷட்டர்களுக்கு மோட்டார் வந்தது. பட்டியலில் உள்ளவரின் செல்லுக்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால்தான் ஷட்டர் ஏறும். இருபத்திரண்டு வருஷமாகக் கையால் ஷட்டர் திருகிக்கொண்டிருந்த லஸ்கர் இளையபெருமாளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, 'கள ஒருங்கிணைப்பாளர்' என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். சாவி கனமாக இருந்தது என்று மட்டும் அவர் சொன்னார்.

எல்லாம் இருந்தும் ஒரு குறை. விளையாட்டை ஒருவரும் விளையாடவில்லை. விவசாயிகள் திறப்பார்கள், முறையைப் பதிவார்கள், மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். இந்த 'ஈடுபாட்டுக் குறைபாடு' குறித்து மையத்தில் மூன்று மணி நேரம் கூட்டம் நடந்தது. இரண்டாம் சுற்று வடைக்குப் பிறகு பரணிதரன் எழுந்தார்.

"சார், உலகம் பூராவும் இப்ப இதுதான் வழக்கம். ஒரு கேம்ல இருக்கிற ஹீரோ இன்னொரு கேமுக்கு விருந்தாளியா வருவாரு. வாள் சண்டை போடுறவரு கார் ரேஸ்ல வண்டி ஓட்டுவாரு. மந்திரவாதி கிரிக்கெட் ஆடுவாரு. ஜனங்க அதப் பாக்கறதுக்குன்னே வந்து விழுவாங்க."

"அவர் கேம்ல அவருக்கு வேலை இல்லையா?"

"அங்க எல்லா டிராகனையும் கொன்னுட்டாரு சார்."

"ஓஹோ, ரிடையர் ஆனவர்" என்றார் இயக்குநர் மரியாதையோடு. தீர்மானம் நிறைவேறியது.

வெளிநாட்டுக் கம்பெனி கார்வோலை முப்பது நாளுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டது. கூடவே நாற்பது பக்க ஒப்பந்தமும் வந்தது. அதன் மூன்றாம் ஷரத்துப்படி நாயகரைத் தரக்குறைவாகக் குறிப்பிடலாகாது. மேலே 'இறங்கினான்' என்று எழுதிவிட்டதற்கு வருந்துகிறோம். ஏழாம் ஷரத்துப்படி நாயகர் குனியக் கூடாது. கணுக்காலுக்கு மேல் சேறு படக் கூடாது.

"குனியாம நாத்து எப்படி நடுறது?" என்று கேட்டார் பரணிதரன்.

"நட வேண்டாம். வரப்பில நின்னு மேற்பார்வை பார்க்கட்டும்" என்றார் இயக்குநர். இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, பரம்பரையாக இருக்கலாம்.

வரப்பு என்றால் வயல் வேண்டும். விளையாட்டில் வயல் என்றால் புல எண் கட்டாயம். தந்தை பெயரும் கட்டாயம். பரணிதரன் இருள்நாட்டுப் புராணங்களைப் புரட்டிப் பார்த்து, 'கார்வோல், த/பெ. பெயரற்ற பேரிருள்' என்று பதிந்தார். புல எண் கட்டத்தில் சோதனைக்காக ஏதோ ஓர் எண்ணைத் தட்டினார். டெல்டாக்காரனுக்குத் தன் ரத்த வகை மறந்துபோகலாம். வீட்டு நிலத்தின் சர்வே நம்பர் மறக்காது. கிஸ்தி ரசீதிலும் பங்காளிச் சண்டையிலும் பிறந்ததிலிருந்து கேட்ட எண் அது. விரல் தானாகவே 214/3 என்று போட்டது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதற்குள் திறப்பு விழா வந்துவிட்டது.

விழா அமோகம். முதல் நாளே இரண்டு லட்சம் பேர் வந்து, ஒன்பதடி வாளோடு சம்பா வயல் வரப்பில் நிற்கும் கார்வோலைப் பார்த்து மெய்சிலிர்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் வயல் கிடையாது. ஈடுபாட்டுக் குறைபாடு ஒழிந்தது என்று மையம் அறிவித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா வானதியிடமிருந்து போன் வந்தது. அப்பா இறந்ததிலிருந்து அந்த இரண்டு ஏக்கரைத் தனியாகக் கட்டிக்கொண்டு மாரடிப்பவள் அவள். பரணிதரனின் இன்ஜினியரிங் பட்டமும் அந்த இரண்டு ஏக்கரில் விளைந்ததுதான்.

"தம்பி, இன்னிக்கு நம்ம முறைடா. ஆறு மணிக்கே வந்து நிக்கிறேன். ஷட்டர் தொறக்க மாட்டேங்குது."

"ஓ.டி.பி. வரலியா?"

"எனக்கு வரல. நம்ம நெலம் வேற யாரோ பேர்ல இருக்காம். இரு, லஸ்கர்ட்ட குடுக்குறேன்."

இளையபெருமாள் பேசினார். "தம்பி, 214/3 கார்வோல்ங்கிறவரு பேர்ல இருக்குங்க. அவரு செல்லுக்குத்தான் ஓ.டி.பி. போவுது. அவர கொஞ்சம் வரச் சொல்லுங்க."

பரணிதரனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு புலத்துக்கு ஒரே வேந்தன்தான் இருக்கலாம் என்பது விளையாட்டின் விதி. புதியவர் வந்தால் பழையவர் பெயர் தானாகவே நீங்கிவிடும். அந்த விதியை எழுதியவரும் அவர்தான். அதற்காகப் பாராட்டுச் சான்றிதழ்கூட வாங்கியிருந்தார்.

"அவருக்கு செல் இல்லீங்க" என்றார்.

"ஏங்க?"

"அவரு பழைய காலத்து ஆளு."

"யாரா இருந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வரச் சொல்லுங்க. அதோட முறை மேல்மடைக்காரங்களுக்குப் போயிடும்."

வானதி மறுபடியும் போனை வாங்கினாள். "கதிரு பால் புடிக்குதுடா. மேட்டூரையும் இந்த வாரம் மூடிடுவான். இன்னிக்குத் தண்ணி ஏறலன்னா அத்தனையும் பதரு." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

இயக்குநரிடம் ஓடினார். நாயகரின் உடைமையில் முப்பது நாளைக்கு எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்றது இருபத்திரண்டாம் ஷரத்து. கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். 'கார்வோல் மீது தாங்கள் காட்டும் அன்புக்கு நன்றி' என்று உடனே தானியங்கிப் பதில் வந்தது.

"சர்வதேச ஒப்பந்தம், பரணி. ஒரு வயலுக்காக மீற முடியுமா?"

"அது எங்க அக்கா வயல் சார்."

"சட்டப்படி இப்ப அது மாவீரருடையது. ரெண்டு லட்சம் பேர் சாட்சி."

கையும் ஓடாமல் காலும் ஓடாமல் பரணிதரன் விளையாட்டின் பதிவுப் படிவத்தை மேலும் கீழும் புரட்டினார். ஒரு கட்டத்தில் கண் நின்றது: 'குத்தகைதாரர் இருப்பின் அவரது பெயர், செல் எண்'. உரிமையாளர் வெளியூரில் இருந்தால் ஓ.டி.பி. குத்தகைதாரருக்குப் போகும்.

"அபாரம்!" என்று மேசையைத் தட்டினார் இயக்குநர். "ஒப்பந்தமும் மீறல, தண்ணியும் கெடைக்கும். ஒரு கற்பனை நாயகர் டெல்டா விவசாயிக்கு நிலம் குத்தகைக்குக் கொடுக்கிறது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை. கேமராமேனைக் கூப்பிடுங்கோ!"

உடனே அந்தக் கட்டத்தில் வானதியின் பெயரையும் எண்ணையும் தட்டியிருந்தால் அப்போதே தண்ணீர் பாய்ந்திருக்கும். ஆனால் வரலாற்றுக்குக் கையெழுத்து வேண்டும், கையெழுத்துக்குப் படிவம் வேண்டும், படிவத்துக்கு முத்திரை வேண்டும். ஜீப், பேனர், கேமராமேன் எல்லாம் வாய்க்கால் ஷட்டருக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை.

வானதி முட்டி வரைக்கும் காய்ந்த சேற்றோடு ஷட்டர் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். பேனரில் கார்வோல் நின்றார். இயக்குநர் படிவத்தை நீட்டினார்.

"இவர்தான் உங்க நிலத்துக்காரர். இங்க குத்தகைதாரர்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்கோ."

வானதி படத்தைப் பார்த்தாள். "என் நெலத்துக்கு என்னையே குத்தகைக்காரியா?"

"முப்பது நாளைக்குத்தான்."

"அறுப்பு அதுக்குள்ள வந்துடும். இவருக்கு எத்தன மூட்ட அளக்கணும்?"

"அவர் நெல் சாப்பிட மாட்டார்" என்றார் இயக்குநர் பெருமையாக.

அவள் தம்பியைப் பார்த்தாள். பரணிதரன் பேனர் கட்டிய கயிற்றைச் சரிபார்த்தார். ஏற்கெனவே சரியாக இருந்த முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். ஓ.டி.பி. வந்தது. ஷட்டர் முனகிக்கொண்டு ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள், இளையபெருமாள் மட்டும் தண்ணீரையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேல் வயல் நனையும்மா. கீழ் வயலுக்கு எட்டாது. ரெண்டரை மணி நேரந்தான் இருக்கு" என்றார் மெதுவாக.

அரை நிலம் பிழைத்தது. அரை நிலம் போனது. மையத்தின் ஆண்டறிக்கையில் இது 'ஐம்பது சதவீத வெற்றி' என்று பின்னால் பதிவானது.

இயக்குநர் கேமராவை வானதியின் பக்கம் திருப்பச் சொன்னார். "இந்தப் பெருமையெல்லாம் உங்க தம்பியோட உழைப்பு. அவரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ."

வானதி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கேமராவைப் பார்க்கவில்லை.

"சீட்டாடி நெலத்தத் தோத்தவங்கள இந்த ஊரு நெறைய பாத்திருக்கு தம்பி. அவங்கல்லாம் எதுத்தாப்புல ஒருத்தன் உக்காந்து ஆடித்தான் தோத்தாங்க. தோத்ததும் அவங்க சொந்த நெலத்தத்தான். எதிர்ல ஆளே இல்லாம, மாசாமாசம் சம்பளமும் வாங்கிக்கிட்டு, அக்கா நெலத்த வச்சு ஆடித் தோத்தவன் நீ ஒருத்தன்தான்டா."