அடுப்புக்குக் காவல்

"நீங்க அடுப்பை அணைக்க மறந்துடறீங்க மாமா. உங்களைத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

"அடுப்பைப் பார்த்துக்க ஒரு ஏற்பாடு பண்ணிட்டா போவியாம்மா?"

"அப்புறம் பார்க்கலாம்."

மூன்று மாதங்களுக்கு முன் மருமகள் சொன்ன அந்த 'அப்புறம் பார்க்கலாம்' என்பதை, ஓய்வு பெற்ற சர்வேயர் கையெழுத்திட்ட ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டார்.

மகன் இறந்து இரண்டு வருடம். மருமகளின் அண்ணன் வேறு ஊரிலிருந்து வாராவாரம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வயதுப் பெண், ஒரு கிழவனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தே காலத்தைக் கழிப்பதா என்று சர்வேயருக்கு வேதனை. அவள் போய்விட்டால் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஃபிரிட்ஜின் முனகல்தான் மிஞ்சும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு சர்க்யூட் போர்டு செய்தார். கேஸ் கசிந்தால் அதிலிருக்கும் சென்சார் மோப்பம் பிடித்து அலறும். அடுப்பு வெகுநேரம் எரிந்தாலும் அலறும்.

முதல் நாள் போர்டு சமத்தாக இருந்தது. இரவு அதன் அடாப்டரைக் கழற்றி, மற்ற அடாப்டர்களோடு பெட்டியில் போட்டார். மறுநாள் காலை 'ஒன்பது வோல்ட்' என்று காகிதம் ஒட்டியிருந்ததை எடுத்து மாட்டிவிட்டு, போர்டைத் தொட்டவர் விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டார். அதிகப்படி வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் என்ற கறுப்புத் துண்டு, முட்டையை உடைத்து ஊற்றலாம் போலக் கொதித்தது.

"இதை நம்பி எப்படி மாமா போறது?" என்றாள் மருமகள், அவர் விரலுக்கு மருந்து தடவியபடி. நியாயமான கேள்வி.

சூட்டை இழுத்துக்கொள்ள ஓர் உலோகத் துண்டை ஒட்டச் சொன்னது வீடியோ. பழைய பாத்திர மூடி ஒன்றை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, வெட்டி, ஒட்டினார். அது பக்கத்துக் கம்பியில் பட்டு, அலாரம் ஓயாமல் அலறியது. பதற்றத்தில் பிளக்கைப் பிடுங்கத் தோன்றாமல் வீட்டு மெயினையே அணைத்தார். எதிர்வீட்டுக்காரர் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது காற்று. மகனின் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே இருந்த குட்டி ஃபேனைக் கழற்றினார். அதில் படிந்திருந்த தூசியைத் துடைக்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

ஃபேன் ஜோராகச் சுற்றியது. எதிரே சிம்மில் எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தது. கேஸ் பரவியது. போர்டு அலறியது. அது தன் கடமையை அப்பழுக்கில்லாமல் செய்த தருணம் அதுதான். அதுவும் தானே உண்டாக்கிய ஆபத்துக்கு.

மருமகள் ஓடிவந்து அடுப்பை மூடி, ஜன்னல்களைத் திறந்தாள். அவர் நின்ற கோலத்தைப் பார்த்து, இரண்டு வருடத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். அது யாருடைய ஃபேன் என்று புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த வீட்டைவிட்டு இவள் போயே ஆக வேண்டும் என்று அப்போதுதான் அவர் உறுதியாக முடிவு செய்தார். போர்டையும் அடாப்டரையும் பையில் போட்டுக்கொண்டு, கடைத்தெருவிலிருந்த ரிப்பேர் கடைக்குப் போனார்.

கடைக்கார அம்மாள் தன்னிடமிருந்த மின்சாரப் பெட்டியில் போர்டை மாட்டினாள். கால் மணி நேரமாகியும் சூடில்லை.

"போர்டுல ஒரு குறையும் இல்லை சார். அந்த அடாப்டரைக் கொடுங்க." அதில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். "மேல ஒட்டின காகிதத்துல ஒன்பது வோல்ட்னு இருக்கு. அடியில அச்சடிச்சிருக்கறது பதினஞ்சு. கொதிக்காம என்ன செய்யும்? யார் ஒட்டினது இது?"

"நான்தான்" என்றார் சர்வேயர்.

பொடி எழுத்து தெரிவதில்லை என்று, வீட்டிலிருந்த எல்லா அடாப்டர்களுக்கும் அவரே காகிதம் ஒட்டியிருந்தார். முப்பத்திநாலு வருட வேலையில் ஓர் எல்லைக் கல்லைக்கூட இடம் மாற்றி நட்டதில்லை. அடுப்பை மறந்ததை அசதி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். இதை என்னவென்று சொல்வது?

வீட்டுக்கு வந்து அடாப்டர் பெட்டியைத் துழாவினார். 'பதினைந்து' என்று ஒட்டியிருந்ததுதான் உண்மையான ஒன்பது. மாட்டினார். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

ஜெயித்த மனிதர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, மருமகள் என்னவென்று கேட்டாள்.

"வேலை செய்யுதும்மா. தப்பு என்னோடது. ரெண்டு காகிதத்தையும் இடம் மாத்தி ஒட்டியிருக்கேன். எனக்கு மூளை கழண்டுக்க ஆரம்பிச்சிடுச்சு. அது முழுசாப் போறதுக்குள்ள நீ கிளம்பிடு. அப்புறம் என் நிலைமையைப் பார்த்துட்டு நீ போக மாட்டே."

அவள் அண்ணனின் எண்ணைத் தேடி எடுத்தார். முதல் முறை யாருக்கோ போயிற்று. இரண்டாம் முறை சரியாகப் போய், மணி அடிக்கத் தொடங்கியது.

மருமகள் அவர் கையிலிருந்து போனை வாங்கி, அணைத்து, மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"உங்க மூளைக்கு ஒண்ணும் ஆகலை மாமா. மாத்தி ஒட்டினது நான்தான்... என்னை எங்கேயும் அனுப்பாதீங்க, இங்கேயே இருந்துடறேன்."