ஆமைக்கு அனுமதி இல்லை

அந்த ஆண்டை 'அதிவேகச் சேவை ஆண்டு' என்று மேலிடம் அறிவித்திருந்தது. அறிவிப்பு அந்த அரசு அலுவலகத்துக்கு வந்து சேருவதற்குள் ஆண்டில் பாதி போய்விட்டது என்பது வேறு விஷயம். மீதிப் பாதிக்குள் வேகத்தைக் காட்டியாக வேண்டிய கட்டாயத்தில் மேலாளர் அறை அறையாகச் சோதனை போட்டார். கடைசியில் தோட்டத்துக் கொட்டகையில் குற்றம் பிடிபட்டது. புல்வெட்டும் எந்திரத்தின் வேகக் கைப்பிடியில் ஒரு முனையில் முயல் படம், மறுமுனையில் ஆமைப் படம்!

"என்னய்யா இது?"

"முயல்னா வேகம், ஆமைன்னா மெதுவுங்க ஐயா," என்றார் தோட்டக்காரர்.

"ஏற்கெனவே வெளியில நம்மளை அப்படித்தான் சொல்றாங்க. அதைப் படம் வேற போட்டு வெச்சிருக்கீங்களா?"

உரிய பரிசீலனைக்குப் பின் ஆமை தடைசெய்யப்பட்டது. கைப்பிடியை முயல் பக்கம் தள்ளி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு முத்திரையும் வைத்தார்கள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. எந்திரத்தை நிறுத்தும்போதெல்லாம் 'டமார்' என்று வெடித்தது. காசாளர் மேசைக்கடியில் புகுந்தார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு விழித்து, வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டதென்று பையைத் தூக்கினார்கள்.

பாவம், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தோட்டக்காரர் தற்காலிகம். ஆய்வுக்கு வரப்போகும் இயக்குநர் மனது வைத்தால்தான் நிரந்தரம். "அவர் காதுல ஒரு டமார் விழுந்துச்சு, நீ வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்," என்று மேலாளர் சொல்லிவிட்டார். தோட்டக்காரர் பிளக்கைக் கழற்றித் துடைத்தார், பழைய பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினார், காற்று வடிகட்டியை உதறினார். டமார் மசியவில்லை. பைக் மெக்கானிக்கான மைத்துனர் வந்து பார்த்துச் சிரித்தார்.

"மாமா, முழு வேகத்துல ஓடுறதைப் பட்டுனு நிறுத்தினா, எரியாத பெட்ரோல் சூடான சைலன்சருக்குள்ள போய் வெடிக்கத்தான் செய்யும். ஆமைக்குக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்க. அவ்வளவுதான்."

தோட்டக்காரர் ஓடிப்போய் மேலாளரிடம் சொன்னார். மேலாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஆமைப் பேச்சே எடுக்காதே! நிறுத்தினாத்தானே வெடிக்குது?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப நிறுத்தாதே."

இதைவிடத் தெளிவான ஆணையை அந்த அலுவலகம் அதுவரை கண்டதில்லை. ஆய்வு நாளன்று விடிந்ததிலிருந்தே தோட்டக்காரர் எந்திரத்தின் பின்னால் ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தார். புல் தீர்ந்தது. வேர் தீர்ந்தது. இயக்குநர் காரை விட்டு இறங்கியபோது எந்திரம் வெறும் மண்ணைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

"யாருய்யா இவர்? நான் வந்ததுகூடத் தெரியாம வேலை பாக்குறாரே! கூப்பிடுங்க."

கூப்பிட்டார்கள். தோட்டக்காரர் ஒற்றைக் கையால் கும்பிடு போட்டபடியே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.

"கூப்பிட்டாலும் நிக்கலையே!" இயக்குநர் உருகிப்போனார்.

"ரொம்ப நாளாத் தற்காலிகமா இருக்காருங்க. ஐயா பார்த்து நிரந்தரமாக்கினா..." என்று மேலாளர் இழுத்தார்.

"உமக்குப் புத்தி இருக்கா? நிரந்தரமாக்கினா நின்னுடுவார்யா!" இயக்குநர் மேலாளரை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, நீங்க?"

"நான் நிரந்தரம்தாங்க!" மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதான் பார்த்தேன்."

எந்திர இரைச்சலில் இது எதுவும் தோட்டக்காரர் காதில் விழவில்லை. இயக்குநர் தன்னைக் காட்டிப் பாராட்டுவது மட்டும் புழுதிக்குள் தெரிந்தது. வேலை நிரந்தரமாகிவிட்டது என்றே நினைத்தார். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஓடினார்.

அடுத்த வாரமே மேலாளர் உட்பட அலுவலகம் மொத்தமும் தற்காலிகமாக்கப்பட்டது. இப்போது அங்கே எல்லோரும் காலை முதல் மாலை வரை ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். பொதுமக்கள் மட்டும் வரிசையில் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். ஓடுகிற ஆளிடம் மனுவை எப்படிக் கொடுப்பது?