ஒரிஜினல்காரரும் பதினான்கு மாத்திரையும்

விலையை வைத்தே மருந்தின் வீரியத்தை அளந்துவிடும் மனித இனம் ஒன்று உண்டு. வெங்காயம் வாங்க நாலு கடை ஏறி இறங்குவார்கள், அறுந்த செருப்பைத் தைத்துக் கொடுத்தவரிடம் பாதிக் கூலிக்கு மல்லுக்கு நிற்பார்கள், பஸ்ஸில் சில்லறை பாக்கிக்காகக் கடைசி நிறுத்தம் வரை போவார்கள். மருந்துக் கடை வாசலை மிதித்ததும் மட்டும் கர்ணனாகிவிடுவார்கள். ஏன்? உயிர் சமாச்சாரமாம்!

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடி ஒரிஜினல்காரர் இந்த இனத்தின் தலைவர். கடைகளில் எடைக்கல் சோதிக்கும் அதிகாரியாக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எதை வாங்கினாலும் "ஒரிஜினல்தானே?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயரைச் சம்பாதித்தார்.

அவர் மனைவிக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. டாக்டர் ஏழு நாளைக்கு, காலை மாலை வேளைக்கு ஒன்றாகப் பதினான்கு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினார். மருந்துக் கடைக்காரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு நல்ல மனசோடு சொன்னார்:

"சார், இதே மருந்து வேற கம்பெனியில கால்வாசி விலைக்கு இருக்கு. மருந்தும் ஒண்ணுதான், அளவும் ஒண்ணுதான். இதுல விளம்பரத்துக்கும், டாக்டரைப் பார்க்க டை கட்டிட்டு வர்ற ஆளுக்கும், பளபள அட்டைக்கும் சேர்த்துக் காசு வாங்குறாங்க. வேணும்னா டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

ஒரிஜினல்காரருக்கு முகம் சிவந்தது. "ஏம்மா, என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது? மலிவுன்னா மோசடி. முப்பது வருஷம் பிடிச்சவன் சொல்றேன்."

சரி என்று பதினான்குக்கும் விலை சொன்னார் அந்தம்மா. ஒரிஜினல்காரருக்கு மூச்சு முட்டியது. கௌரவமா, காசா? இரண்டையும் காப்பாற்ற வழி கண்டார்.

"ஆறு குடு, போதும்."

"ஏழு நாளும் சாப்பிடணும் சார். பாதியில விட்டா கிருமி மறுபடி கிளம்பும்."

"அதெல்லாம் சாதா மாத்திரைக்கு. ஒரிஜினலுக்கு மூணு நாள் தாராளம்."

யானை வாங்கினார், அங்குசத்தில் மிச்சம் பிடித்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மார்தட்டினார். ஆறாம் நாள் விடியும்போது, இரண்டு போர்வை போர்த்தியும் அவர் மனைவிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது.

ஒரிஜினல்காரர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் இல்லாமல் ஒரு வேளை வெந்நீர்கூட அவர் வைத்ததில்லை. நர்ஸ் வெளியே வந்ததும் ஓடினார்.

"அம்மா, ட்ரிப்ஸ்ல மருந்து ஏத்துறீங்களே... எந்தக் கம்பெனி?"

"கம்பெனி எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. மருந்தோட பேரு தெரியும், போதுமா?"

மறுநாள், மனைவிக்குப் பேச்சு தெளிந்ததும், டாக்டர் கட்டிலருகே வந்தார். "ஏழு நாள் மாத்திரையும் முழுசா சாப்பிட்டாங்களா?"

ஒரிஜினல்காரர் சுவரைப் பார்த்தார். பதில் கட்டிலிலிருந்து வந்தது: "ஆறு சாப்பிட்டேன் டாக்டர். மீதி எட்டுக்கு இவர் கௌரவம் இடம் கொடுக்கலை."

பெயர் தெரியாத கம்பெனியின் மருந்தில் ஐந்தே நாளில் எழுந்து உட்கார்ந்தார் மனைவி. வீடு திரும்பும் வழியில் ஆட்டோவை நிறுத்தி, கணவரை உள்ளேயே உட்காரவைத்து, டாக்டர் எழுதிய புதுச் சீட்டோடு தானே மருந்துக் கடைக்குப் போனார். "விலை குறைஞ்சதையே குடும்மா. ஒண்ணு குறையாம குடு."

ஒரிஜினல்காரர் திருந்தினாரா என்கிறீர்களா? மறுநாளே மாடிப்படியில் குரல் கேட்டது: "ஆஸ்பத்திரி மருந்தா? அட போங்க சார்! நான் முதல்ல குடுத்த ஒரிஜினல்தான் லேட்டா வேலை செஞ்சிருக்கு!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அப்படியே எழுந்துபோய் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரு பளபள அட்டையில் பாதியில் விட்ட நாலைந்து மாத்திரை மிச்சம் கிடந்தால், கண்ணாடி தேட வேண்டாம். அதிலேயே உங்கள் முகம் தெரியும்.